பப்பாளிக் காம்பு

கொண்டைக்குருவியின் தொண்டையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தொண்டை கட்டிய காகம் ஒன்று குழல்போன்ற பப்பாளி இலைக் காம்பைத் தண்ணீரில் விட்டு ஊதி ஊதிக் குணமானதைப் பார்த்ததும் குருவிக்கும் ஆசை வந்துவிட்டது.

"உன் குரல் நன்றாகத்தானே இருக்கிறது? உனக்கெதற்கு அது?" என்று கேட்டது குருவி கூடு கட்டியிருந்த மரத்திலேயே வாழ்ந்த அணில்.

"இன்னும் நன்றாக வேண்டாமா?" என்ற குருவி, ஒரு காம்பைத் தேடி எடுத்துத் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் நாளெல்லாம் ஊதியது. பாடக்கூட அதற்கு நேரமில்லை.

பத்தாம் நாள், கீழே கொய்யா கொறித்துக்கொண்டிருந்த அணிலை நோக்கிப் பூனை பதுங்கி வந்தது. குருவி பார்த்துவிட்டது. அலகில் இறுகச் செருகியிருந்த காம்பை உதறிவிட்டு அது கத்துவதற்குள் பூனை பாய்ந்துவிட்டது. அணில் பாதி வாலோடு மரமேறித் தப்பியது.

"எவ்வளவு பலமாகக் கத்தினேன், கேட்டாயா? எல்லாம் ஊதிய பலன்!" என்றது குருவி.

அணில் மிச்ச வாலை நக்கிக்கொண்டே வேறு மரம் பார்க்கப் போய்விட்டது.