மாடியில் ஒரு நூலகம்

முதல் புத்தக மூட்டையை மாடியில் இறக்கியபோதே சுமைக்காரர் தரையைக் கவனித்தார். நட்டநடுவே விரிசல்.

“சார், பழைய வீடு. அலமாரியைச் சுவரோரமா போடுங்க. நடுவுல கனம் ஏறினா தளம் தாங்காது.”

மாடியில் குடியிருந்த தம்பி குனிந்து விரிசலைத் தடவிப் பார்த்தார். “நல்லவேளை சொன்னீங்க.”

அதன்பிறகு வாரம் தவறாமல் மூட்டைகள் வந்தன; அறை வாசலோடு இறக்கச் சொல்லிவிடுவார் தம்பி. சுமைக்காரர் படியேறும்போதெல்லாம் கீழே இருக்கும் அண்ணன் வம்புக்கு இழுப்பார்.

“என்னய்யா, இன்னும் புத்தகமா? வீட்டுல பங்கு கேட்டு மல்லுக்கட்டினவன் இப்படிப் புத்தகப்புழு ஆவான்னு யாரு கண்டா? எனக்கு நிம்மதி.”

இன்று உள்ளே கொண்டுபோய் மூட்டையைப் பிரித்த சுமைக்காரர், வயதான காலத்தில் கற்ற எழுத்தைக் கூட்டி அட்டைகளைப் படித்தார். அத்தனையும் பழைய டெலிபோன் டைரக்டரி.

“சார், கடைக்காரன் உங்க தலையில கட்டிட்டான். எல்லாம் ஒரே புத்தகம்.”

“தெரியும். இருக்கிறதுலயே கனமானதாப் பார்த்து நான்தான் எடுத்தேன்.”

சுமைக்காரர் நிமிர்ந்தார். அலமாரிகள் எல்லாம் சுவரை விட்டு நகர்ந்து, நடுவில் நெருக்கியடித்து நின்றன. விரிசலில் விரல் நுழையும்.

அவர் சுவரோரமாக ஒதுங்கி நின்றார். “இதுக்கு நேர் கீழே யாரு சார் படுக்கிறது?”

“அண்ணன்தான்” என்றார் தம்பி, அறைக்குள் கால் வைக்காமல். “அடுத்த மூட்டையை மெதுவா வைங்க. இப்பத்தான் கண்ணசந்தாரு.”