சாலைக்கு அந்தப் பக்கத்துக் கோபம்

"இவர் பேசக் கூடாது மேடம்."

கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவன் ஒரு வேன் டிரைவர். அவன் கை நீட்டிக் காட்டியது சொந்தச் சித்தப்பாவை.

பள்ளிக்கூட ஹாலில் சலசலப்பு. மேஜையில் விரித்த வரைபடத்திலிருந்து அதிகாரி நிமிர்ந்தார்.

ஒரே தெருவாக இருந்த இடம் அது. நெடுஞ்சாலை நடுவில் புகுந்து, இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று கிழித்துப்போட்டு வருஷங்கள் ஆகின்றன. இப்போதுதான் சாலைத் துறைக்கு ஞானோதயம். தாண்டுவதற்கு என்ன வேண்டும், நீங்களே சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். படியேறி இறங்கும் நடைமேம்பாலமா, வண்டிகளை நிறுத்தித் தரையிலேயே நடந்து போக சிக்னலா?

சிக்னல் வேண்டும் என்று முதலில் எழுந்தவர் சித்தப்பா. அந்தப் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர். சாலையைத் தாண்டும்போது லாரி இடித்து ஒரு கால் விளங்காமல் போய், ஊன்றுகோலில் நடப்பவர்.

"ஏன் பேசக் கூடாது?" என்றார் அதிகாரி.

"கூடப் பிறந்த அண்ணனையே வாசல்ல நிக்க வெச்சுத் துரத்தினவர் இவர். இவருக்கு எதுக்கு இந்தப் பக்கம் வர வழி?"

"அதானே," என்றது பின்வரிசை. "உறவை வெட்டினவருக்கு ரோட்டை ஒட்டவெச்சு என்ன ஆகப் போகுது?"

யாரோ சிரித்தார்கள்.

பக்கத்திலிருந்த அம்மா அவன் சட்டையை இழுத்தாள். "உக்காருடா."

அவன் உட்காரவில்லை. ஊரறிந்த கதைதானே. சரியாக நடக்க முடியாத தம்பிக்கு அப்பா தினமும் சாயங்காலம் தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுபோவார். ஒருநாள், கடையில் நாலு பேர் இருக்கும்போதே, சித்தப்பா அந்த வாளியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார். 'நான் என்ன பிச்சைக்காரனா? இனிமே இந்த வாசப்படி மிதிச்சா மரியாதை கெட்டுடும்.'

அப்பா அதற்குப் பிறகு அந்தத் திசையில் தலைவைத்தும் படுக்கவில்லை. வீட்டிலிருந்து போன் அடித்தாலும் சித்தப்பா எடுப்பதில்லை.

"போன மாசம் அப்பா செத்ததுக்காவது நேரத்துக்கு வந்தாரா? எல்லாம் முடிஞ்சு, நாற்காலியை அடுக்கறப்ப வந்து நிக்கிறார்."

"ஊருக்கு வெளியில இருக்கிற பாலம் வரைக்கும் போய்ச் சுத்திட்டு வரணும்டா," என்றார் சித்தப்பா. "ஆட்டோவை நடுவுல எங்கேயும் திரும்ப விடல."

"இந்த நொண்டிச் சாக்கெல்லாம்..." என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சித்தப்பா அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அதிகாரி தயங்கினார். "சிக்னல் போட்டா அத்தனை வண்டியும் நிக்கணுமே பெரியவரே. மேல அதைத்தான் கேப்பாங்க."

"நிக்கட்டும்மா. நாங்க எத்தனை வருஷமா நிக்கிறோம்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

நிற்கப்போகும் வண்டிகளில் அவன் வேனும் ஒன்று. அப்பாவுக்காகத்தான் இவ்வளவு கொதிக்கிறோமா, இல்லை வேனுக்காகவா? ஒரு நிமிஷம் அவனுக்கே சந்தேகம் வந்தது. அதை விழுங்கிவிட்டுக் கேட்டான்.

"அண்ணன் இருந்தப்ப வேண்டாத வழி, இப்ப மட்டும் எதுக்கு?"

"அப்பவும் கேட்டுக்கிட்டுதான்டா இருந்தேன். இவங்க ஆபீஸ் வாசல்ல போய் நிக்காத வருஷம் இல்ல." சித்தப்பா ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தார். "உங்கப்பாவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. எதுக்க வர்றது பஸ்ஸா லாரியான்னு தெரியாது. வராதேன்னா கேப்பாரா? 'நீ பட்டினி கிடக்க நான் சாப்பிடவா'ம்பார். அன்னைக்கு ஒரு லாரி உரசிட்டே போச்சு. ஒத்தைச் செருப்போட வந்து என் வாசல்ல நின்னுக்கிட்டுச் சிரிக்கிறார்டா. இன்னொரு செருப்பு நடுரோட்டுல கிடக்கு."

சித்தப்பா அவன் பக்கம் திரும்பினார்.

"கெஞ்சினா நிக்கிற ஆள் இல்ல அவர். மானத்துல அடிச்சாதான் நிப்பார். அடிச்சேன். நின்னுட்டார்."

பின்வரிசைக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"போனையாவது எடுத்திருக்கலாமே சித்தப்பா," என்றான் அவன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"எடுத்து, அவர் குரலைக் கேட்டா உளறிடுவேன்டா. அன்னைக்குச் சாயங்காலமே வாளியோட கிளம்பிடுவார்."

அதிகாரி மெதுவாகச் சொன்னார். "சிக்னல் வேணும்ங்கிறவங்க கையைத் தூக்குங்க."

அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுந்த கைகள் ஹால் முழுக்கப் பரவின. கடைசியாக அவன் கையும் எழுந்தது. அதிகாரி வரைபடத்தில் நடைமேம்பாலத்தை அடித்துவிட்டு, பழைய தெரு இருந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

சித்தப்பா எதையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

"உசுரோட இருந்தா போதும்னு நெனச்சேன். கடைசி வரைக்கும் கோபத்தோடயே போயிட்டார்."

அம்மா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இனிமே சொல்லலாம் தம்பி," என்றாள். "நீங்க எதுக்குத் துரத்தினீங்கன்னு அவருக்கு அன்னைக்கே தெரியும். 'தெரிஞ்சும் ஏங்க வீம்பு? சமாதானம் ஆயிட்டேன்னு தம்பிக்கு ஒரு ஆள்கிட்ட சொல்லி அனுப்புங்க'ன்னு நான் அழுதேன். 'சும்மா இருடி, ரோட்டுக்கு ஒரு வழி பிறக்கிற வரைக்கும் நான் கோபமாவே இருந்துட்டுப் போறேன். கோபம் போச்சுன்னு தெரிஞ்சா, அந்தக் காலை இழுத்துக்கிட்டு என்னைப் பார்க்க ரோட்டைத் தாண்டிடுவான்'னார்."