மூன்றாவது வரி

"உங்க ரேகை வச்சுத்தான் பணம் எடுத்திருக்கும்மா," என்றார் பேங்க் மேனேஜர் ஜெகதீஷ். கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மகள் அனுப்பிரியாவின் நர்சிங் படிப்புக்காகச் செல்லக்கிளி சேர்த்த பணம். போன செவ்வாய்க்கிழமை கணக்கையே துடைத்து எடுத்திருந்தார்கள். அன்றைக்கு அவள் போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வேற எங்கயாவது விரல் வச்சீங்களா?"

"ரேசன் கடை, சிம்கார்டு கடை, பத்திர ஆபீசு. எங்க வைக்கலைன்னு கேளுங்க சார்."

"ரேகையை யாரும் திருட முடியாதும்மா. மிஷின் பொய் சொல்லாது."

"அப்ப அதக் கொண்டாங்க."

மிஷின் வந்தது. செல்லக்கிளி கட்டைவிரலைச் சேலையில் துடைத்து வைத்தாள். சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தாள். சிவப்பு.

இருபது வருடம் காய் எடுத்துத் தேய்ந்த விரல். இதை மிஷின் ஏற்காமல், ஒரு நாள் கூலியையும் விட்டு, எத்தனையோ தடவை வெறுங்கையோடு ஜீப் ஏறியிருக்கிறாள். இன்றைக்கு மட்டும், ஏற்றுக்கொண்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள்.

ஐந்தாவது தடவையும் சிவப்பு.

"எனக்கே விழாத ரேகை, செவ்வாக்கிழமை யாருக்கு சார் விழுந்துச்சு?"

ஜெகதீஷ் மிஷினை ஓரமாக நகர்த்தினார். ஒரு தாளை எடுத்து, புகார் என்று தலைப்புப் போட்டு மளமளவென்று எழுதினார். அவள் பக்கம் தாளைத் திருப்பி, ஸ்டாம்ப் பேடைத் திறந்து வைத்தார்.

செல்லக்கிளி விரலை நீட்டவில்லை. தாளைக் கையில் எடுத்தாள்.

"மூணாவது வரிய அடிங்க சார். பணத்தை எடுத்துட்டு நான் மறந்திருக்கலாம்னு எழுதியிருக்கீங்க."

ஜெகதீஷ் தாளைப் பார்த்தார். பிறகு அவளை.

முன்பு கணக்குத் தொடங்க எஸ்டேட்டுக்கு வந்த பேங்க்காரர்கள், பெண்களை வரிசையில் நிறுத்தி, ஆளாளுக்கு விரலைப் பிடித்து மையில் அழுத்திக்கொண்டு போனார்கள். கையெழுத்து வருமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கைநாட்டைக் கையெழுத்தாக மாற்றித் தரச் சொல்லி அவள் இரண்டு முறை வந்தாள். ஆதார் இருந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். செல்லக்கிளி பத்தாம் வகுப்பு தேறியவள்.

அவர் அந்த வரியை அடித்தார். பேனாவை அவளே வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

பேனாவைத் திருப்பித் தரவில்லை.

"இன்னும் நாலு தாளு குடுங்க சார். வெளிய ஜீப்புல நாலு பேரு உக்காந்திருக்காங்க, அவங்க பணமும் போயிருச்சு. அவங்களுக்கு நான் எழுதிக்கிர்றேன்."