தெளிவாக நின்றவன்

சங்கவி கையை ஓங்கிவிட்டாள். தம்பி ரஞ்சித் விலகவில்லை.

திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அத்தனை பேரும் பார்க்க, ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் இறக்கினாள்.

உள்ளே அவனுடைய கல்லூரித் தோழர்கள் மூன்று பேர் கிடந்தார்கள். நேற்று மரக்காணம் கடற்கரையில் பிறந்தநாள் கொண்டாட்டம். ஆளுக்கொரு எக்ஸ்டசி என்ற போதை மாத்திரை. கோகுலகிருஷ்ணனுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. ஐஸ் கட்டிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மூவரையும் காரில் தூக்கிப் போட்டு ஓட்டிவந்து சேர்த்தவன் ரஞ்சித். அதுவே அவனுக்கு வினையாகிப் போனது.

“மூணு பேரும் பினாத்திக்கினு கெடக்கிறானுங்க. இவன் மட்டும் நிதானமா கார் ஓட்டிக்கினு வர்றான்,” என்றார் சப்-இன்ஸ்பெக்டர். “விக்கிறவன் துன்ன மாட்டாம்மா. ஸ்டேஷனுக்கு ஏத்திக்கினு போறேன்.”

“தாராளமா இட்டுக்கினு போங்க சார்! பகலெல்லாம் போர்வைய இழுத்துப் போத்திக்கினு கெடப்பான். ராத்திரி வியாபாரம் பண்றவனுக்குப் பகல்லதான தூக்கம் வரும்?”

கத்தியது அப்பா. கூட்டேரிப்பட்டு டயர் கடையிலிருந்து கைக்கரியைக்கூடக் கழுவாமல் ஓடி வந்திருந்தார் நடராசன்.

சங்கவிக்கும் அதே சந்தேகம்தான். விழுப்புரத்தில் பார்மஸி கல்லூரியில் பாடம் நடத்துகிறவளின் தம்பி, போதை மாத்திரை விற்றான் என்று ஜெயிலுக்குப் போவதா? அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோரம் இழுத்தாள்.

“வாயத் தொறந்து சொல்லுடா. துன்னியா, வித்தியா?”

“துன்னேங்க்கா. ஒண்ணு போட்டேன், ஒண்ணும் ஆவல. இன்னொண்ணு போட்டேன். அவனுங்கல்லாம் கட்டிப்புடிச்சிக்கினு சிரிச்சானுங்க, அழுதானுங்க. எனக்கு மட்டும் எதுவுமே வரலக்கா.”

புளுகுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள்.

போலி மாத்திரையோ? எல்லாருக்கும் ஒரே பாக்கெட். வாயில் போட்டுத் துப்பியிருப்பானோ? துப்பியவன் எதற்கு இரண்டாவது போடுகிறான்?

போன வாரம்தான் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருந்தாள். அந்த மாத்திரை நரம்பணுவுக்குள் ஒரே ஒரு வாசல் வழியாகத்தான் நுழையும். நுழைந்ததும், உள்ளே சேர்த்துவைத்திருக்கும் செரட்டோனின் என்ற மூளை ரசாயனத்தை எல்லாம் அள்ளி வெளியே கொட்டும். அந்தச் சிரிப்பு, அந்த அழுகை, அந்தக் கொதிப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வாசலில் வேறொரு மாத்திரை ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தால், இது உள்ளே போக முடியாது.

அப்படி உட்காரும் மாத்திரையை யாரும் விளையாட்டுக்குச் சாப்பிடுவதில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்து, தினம் தவறாமல் சாப்பிடுவார்கள்.

பகலெல்லாம் போர்வைக்குள்.

அவள் நினைப்பது தப்பாகக்கூட இருக்கலாம். தப்பாக இருக்கட்டும் என்றுதான் கேட்டாள்.

“மனசு சரியில்லன்னு எத்தினி மாசமாடா மாத்திர சாப்பிடற?”

ரஞ்சித் அப்பா நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு அவள் காதருகே குனிந்தான்.

“அப்பாவுக்குத் தெரிய வேணாங்க்கா. நான் வித்தேன்னே எழுதிக்கட்டும்.”

சங்கவி சட்டையை விடவில்லை. அப்படியே இழுத்துக்கொண்டுபோய் அப்பாவுக்கு முன்னால் நிறுத்தினாள்.

“சார், நீங்களும் இங்க வாங்க,” என்றாள், அப்பாவின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். “ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே தடவதான் சொல்லுவேன்.”