வாய் தவறி ஒரு ‘சீ’

“சீ” என்றாள் மதுமதி.

கோட்டூர்புரம் வீட்டுக் கூடத்தில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஸ்பூனும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா கேட்டது ஒன்றும் கேட்கக் கூடாத கேள்வி இல்லை. “எங்க பாலகணேஷைப் பிடிச்சிருக்காம்மா?” என்று வாஞ்சையாகத்தான் கேட்டார்.

பாலகணேஷின் முகம் சுண்டிப்போய்விட்டது. பாவம், சற்று முன்னால்தான் பால்கனியில் மதுமதியோடு தனியாகப் பேசிவிட்டு, எல்லாம் முடிந்த மாதிரி சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்திருந்தார்.

“என்ன அண்ணாச்சி இது?” என்று மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார்.

மதுமதியின் அப்பா ஜவஹர் பதறிக்கொண்டு குறுக்கே வந்தார். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். கோபித்துக்கொண்டு எழுந்தவர்களைத் திரும்ப உட்கார வைப்பது அவருக்குக் கைவந்த கலை. “உக்காருங்க அண்ணாச்சி. அது ஸ்பானிஷு. அந்தப் பாஷையில ‘சீ’ன்னா ஆமான்னு அர்த்தம். பொண்ணு சரின்னுதான் சொல்லுது.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஜவுளி வடிவமைப்பு படிக்கும் மதுமதிக்கு ஸ்பெயினில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருந்தது. புறப்படுவதற்குள் ஸ்பானிஷும் அந்த ஊர்ப் பழக்கவழக்கமும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பல்கலைக்கழகம் நிபந்தனை போட்டது. ஜவஹரும் தன் பங்குக்கு ஒன்று போட்டார். பாலகணேஷ் சம்பந்தத்துக்குச் சரி என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வேண்டாம் என்றால் ஸ்பெயினும் வேண்டாம்.

பல்கலைக்கழகத்தின் நிபந்தனைக்காக அவள் சாந்தோமில் கிளாடிஸ் மிஸ்ஸிடம் படித்தாள். “வீட்லயும் ஸ்பானிஷ்லதான் பதில் சொல்லணும் மது. அப்பதான் நாக்குல ஒட்டும்” என்பது மிஸ்ஸின் உத்தரவு. கூடவே ஊர்ப் பழக்கமும் நடந்தது. பார்த்தவுடன் கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிட வேண்டும், ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் சாப்பிட வேண்டும் என்று மகள் வந்து சொன்னாள். முதலாவதைக் கேட்டு ஜவஹர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாவது, கடை அடைத்துவிட்டு வரும் அவருக்கு ஏற்கெனவே பழக்கம்.

“ஏட்டி, காப்பி வேணுமா?” என்று அம்மா சுந்தரவல்லி கேட்டால், மதுமதி சிரித்த முகத்தோடு “சீ” என்பாள். விளக்கு வைக்கிற நேரத்தில் இது என்ன பேச்சு என்று முதலில் அலுத்துக்கொண்ட சுந்தரவல்லி, போகப் போகக் கேள்வி கேட்பதற்கு முன்பே டம்ளரை நீட்டப் பழகிவிட்டார்.

இதையெல்லாம் ஜவஹர் மூச்சு விடாமல் விளக்கினார். சுந்தரவல்லியும் காப்பிக் கதையைச் சொல்லிச் சாட்சிக்கு வந்தார். மதுமதி தலையைக் குனிந்துகொண்டு, “மன்னிச்சிருங்க அத்தை” என்று மட்டும் சொன்னாள். அந்த ‘அத்தை’யில் ஜவஹருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அத்தை மசியவில்லை. “ஸ்பெயின்ல மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டுத்தான் ஆமான்னு சொல்வாங்களோ?” என்றார்.

ஜவஹருக்குச் சுருக்கென்றது. “எம் பொண்ணு மூஞ்சியே அப்படித்தாம்மா. புதுப் பாஷை படிக்கிற புள்ள, வாய் தவறி ஒரு வார்த்தை வந்துருச்சு. அதுக்கு இவ்வளவு பேச்சா? நம்பாத வீட்டுல நான் பொண்ணு குடுக்கிறதா இல்ல.”

அவ்வளவுதான். வந்தவர்கள் பாதிக் கேசரியோடு எழுந்து போய்விட்டார்கள்.

அன்று முழுக்க வீட்டில் மதுமதியைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். ஜவஹருக்குத்தான் மனசு ஆறவே இல்லை. மகளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தலையைத் தடவிக் கொடுத்தார்.

“நான் கேட்டதுக்கு நீ சரின்னுட்டம்மா. அதைப் புரிஞ்சுக்கத் துப்பில்லாதவங்க அவங்க. நீ ஸ்பெயினுக்குப் போயிட்டு வா. கல்யாணத்தை அப்புறம் பாத்துக்கலாம்.”

விசா வந்தது. பெட்டியும் கட்டியாகிவிட்டது. கடைசி வகுப்புக்குப் போனபோது கிளாடிஸ் மிஸ் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

“என்னாலதான்மா உன் கல்யாணம் நின்னுபோச்சு” என்றார். “வீட்லயும் ஸ்பானிஷ்லயே பேசுன்னு உசுரை வாங்கினது நான்தானே? நைட்டெல்லாம் தூக்கம் இல்ல. காலையில சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன். உங்கம்மா மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?”

மதுமதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “பால்கனியில அவர் என்ன சொன்னார் தெரியுமா மிஸ்? ‘ஸ்பெயின்ல ஆறு மாசம் உனக்கு என்ன வேலை? ஹனிமூனுக்கு நானே கூட்டிட்டுப் போறேன், ஒரே வாரத்துல சுத்திப் பாத்துரலாம். வந்ததும் நம்ம நகைக்கடை கல்லாவுல உக்காந்துக்கோ’ன்னார்.”

மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இவ்வளவு சொல்லியிருக்கான், அப்புறமும் எதுக்கும்மா ‘சீ’ன்ன?”

“அது தமிழ்ல சொன்னது மிஸ்.”