தையல் மெஷின் சத்தம்

"அம்மா, அந்த மெஷினைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா?"

"எதுக்கு?"

"நான் கேக்குறது அக்கா காதுல விழணும்ல."

"விழலைன்னா கிட்டப் போய்க் கேளு. நடுவுல யாரு சுவர் கட்டியிருக்கா?"

மாமியார்க்காரி தலையைக்கூடத் தூக்கவில்லை. தையல் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

கணக்கெடுக்க வந்த பெண்ணுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு கிடைத்த மூன்று மாத வேலை. அரசாங்கப் புள்ளிவிவரத்துக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு டேப்லெட்டில் தட்ட வேண்டும். எத்தனை பேர், என்ன படிப்பு, என்ன வேலை, இதெல்லாம் சுலபம். கடைசியில் வரும் ஆறாம் பகுதிதான் தலைவலி. வீட்டுக்குள் நடக்கிற அடி உதை பற்றியது. அந்த வீட்டுப் பெண்ணைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும் என்பது சட்டம்.

தனிமைக்கு இங்கே எங்கே போவது? இருப்பதே ஒரு ஹால், ஒரு ரூம். நைட் டியூட்டி முடித்து வந்த புருஷன் ரூமில் படுத்திருக்கிறான். நடுவில் கதவுகூட இல்லை, வெறும் துணித் திரை. ஹாலில் மருமகள். மூலையில் மாமியாரும் மெஷினும்.

தரை சிமெண்டா டைல்ஸா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோதெல்லாம் மாமியார்க்காரி சும்மாதான் உட்கார்ந்து வாய் பார்த்தாள். "அடுத்தது, வீட்டுல யாராவது..." என்று இவள் ஆரம்பித்ததும்தான் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். வேண்டுமென்றே செய்கிறாள். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டுமா?

வாசலுக்கு வெளியே போய் சூப்பர்வைசருக்கு போன் போட்டாள்.

"மேடம், மாமியார் நகர மாட்டேங்குது."

"அப்ப 'தனிமை கிடைக்கவில்லை'ன்னு தட்டிட்டு அடுத்த வீட்டுக்குப் போம்மா."

"அப்படித் தட்டினா இந்த வீடு கணக்குலயே வராதே."

"வரலைன்னா குடியா முழுகிடும்? அந்த ஏரியா போன தடவையும் பூஜ்யம்தான். அமைதியான ஏரியா."

"பூஜ்யம்னு போனதாலதான் இங்க பொம்பளைங்களுக்கு உதவி மையமே வரலை. டிரெய்னிங்ல நீங்கதானே மேடம் சொன்னீங்க."

இவள் போனை வைத்துவிட்டாள்.

அமைதியான ஏரியாவாம். சற்று முன்னால் தண்ணீர் கொடுக்கக் கை நீட்டியபோது மருமகளின் மணிக்கட்டு நீலம் பாரித்திருந்ததை இவள் பார்த்தாளே. கேட்காமல் இந்த வாசலைத் தாண்டுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

திரும்ப உள்ளே போய், மருமகளோடு முட்டி இடிக்கிற மாதிரி உட்கார்ந்தாள். காதோரம் குனிந்தாள்.

"அக்கா, நீங்க சொல்றது உங்க பேரோட எங்கயும் போகாது. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, எழுந்து போயிடுறேன்."

மருமகள் திரையைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள்.

"கேளு."

"இந்த ஒரு வருஷத்துல வீட்டுல யாராவது உங்களை அடிச்சாங்களா?"

மெஷின் இன்னும் வேகம் எடுத்தது.

"ஆமா."

"எத்தனை தடவை?"

"எண்ணலையேம்மா."

அந்தப் பதிலுக்கு டேப்லெட்டில் கட்டம் இல்லை. 'அடிக்கடி' என்பதைத் தட்டினாள்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏம்மா, அந்தச் சனியனை நிறுத்தித் தொலையேன். மனுஷன் தூங்க வேணாமா?"

"சாயங்காலத்துக்குள்ள தலையணை உறை பூராவும் தச்சுக் குடுக்கணும்டா. காதுல பஞ்சை வச்சிக்கிட்டுப் படு."

பெத்த பிள்ளையின் தூக்கமே பெரிதில்லை. வந்தவளா பெரிது?

"இது வேற யாருக்காவது தெரியுமா அக்கா?"

"அத்தைக்குத் தெரியும்."

தெரிந்துமா மெஷினைக் கட்டிக்கொண்டு அழுகிறது? நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட நாக்கு துடித்தது. வேலை முடியட்டும் என்று அடக்கிக்கொண்டு, கடைசிக் கேள்வி வரைக்கும் ஒன்று விடாமல் கேட்டு முடித்தாள்.

இவள் டேப்லெட்டை மூடியதும் மெஷினும் நின்றது.

இனி ஒன்றுதான் பாக்கி. உதவி எண் அச்சடித்த சின்ன அட்டையை மருமகளிடம் நீட்டினாள். அவள் வாங்கினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தாள்.

மாமியார்க்காரி எழுந்து வந்து, அதை வெடுக்கென்று பிடுங்கினாள். மெஷின் டிராயரை இழுத்து உள்ளே போட்டாள்.

இதற்கு மேல் பொறுக்க முடியாது. மூடப்போன டிராயரை இவள் எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"குடுங்க அதை. அக்காவுக்குக் குடுத்தது." பல்லைக் கடித்துக்கொண்டு பேசியதில் குரல் பாதிதான் வந்தது.

"அவகிட்ட இருந்தா அவன் கண்ணுல படும்." மாமியாரின் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்திருந்தது. "இந்த டிராயரை இந்த வீட்டுல நான் மட்டும்தான் திறப்பேன்."

இவள் குனிந்து பார்த்தாள். நூல்கண்டுகள் அத்தனையும் டிராயருக்குள்ளேயே கிடந்தன.

நிமிர்ந்து மெஷினைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் தடதடத்த அந்த ஊசியில் ஒரு இழை நூல்கூட இல்லை.