ஆட்காட்டி கூவிய பெயர்கள்

கோடையில் குட்டைக்கரையில் யாரும் வேட்டையாடக் கூடாது என்பது அந்தக் காட்டின் சட்டம். மீறியவன் பெயரை ஆட்காட்டிக் குருவி சபையில் கூவினால்தான் யானை தீர்ப்புச் சொல்லும். அந்தக் கரையில் சிறுத்தை ஒரு மான்குட்டியைக் கொன்றதைக் குருவி பார்த்துவிட்டது.

சபைக்குக் கிளம்பும்போது நரி வந்தது.

"என்ன அக்கா, முட்டையெல்லாம் சௌக்கியமா? இப்படி வெறுந்தரையில் வைத்திருக்கிறீர்களே! சிறுத்தை அண்ணன் இந்த வழியாகத்தான் நடப்பார். இதுவரை பார்த்துத்தான் கால் வைக்கிறார்."

"மிரட்டுகிறாயா?"

"ஐயையோ, நலம் விசாரித்தேன்!"

குருவி, யானையிடம் முறையிட்டால் காப்பாற்றும் என்று நம்பிச் சபைக்குப் பறந்தது. முன்வரிசையில் தாய்மான் அழுதுகொண்டு நின்றது. அதன் பக்கத்தில் சிறுத்தை கொட்டாவி விட்டது.

குருவி வாய் திறக்குமுன் யானை குனிந்து, அதற்கு மட்டும் கேட்கும்படி சொன்னது:

"ஏனம்மா, நரி இன்னும் உன்னை வந்து பார்க்கவில்லையா?"

குருவி யானையை விட்டு விலகிச் சபை நடுவே பறந்து வந்தது.

பிறகு கூவியது. சிறுத்தையின் பெயரை, நரியின் பெயரை, யானையின் பெயரை. நரி சொன்னதையும் யானை கேட்டதையும் சேர்த்தே கூவியது.

அது கூவி முடிப்பதற்குள், தாய்மான் முட்டைகளைக் காக்க அவை இருந்த பக்கம் ஓடத் தொடங்கியிருந்தது.